சைலன்சருக்கு ஒன்றரை லட்சம், டயருக்குக் காசில்லை



நோன்புப் பெருநாளைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இது நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கும். நேரமில்லாதவர்கள் வாசலில் நிற்கும் மகனுடைய காரின் நாலு டயரையும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். மிச்சத்தை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

விஷயம் நம்மூர் "ஸ்போர்ட்ஸ்" கார்கள் பற்றியது. தராவீஹ் முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெயின் ரோட்டில் பட் பட் பட் என்று வெடித்துக்கொண்டு போகிறதே, அந்தக் கார்கள். பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. இரவு முழுக்க விழித்திருப்பதற்கு வீட்டில் யாரும் ஏசமாட்டார்கள். ஸஹர் வரைக்கும் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை ரோட் அவர்களுக்குத்தான் சொந்தம்.

கொமெண்டில் முதலாவதாக என்ன வரும் என்று தெரியும். "சேருக்கு வாங்க ஏலாது, அதான் எரிச்சல்." அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எனக்குக் கார் பைத்தியம் இருக்கிறது. கூட இருந்தவர்கள் கிரிக்கெட் பார்த்தபோது நான் எஞ்சின் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். இப்போது என்னிடம் இருப்பது ஒரு பழைய சிவிக், ஈகே 3. கத்தாரில் இருக்கும் தம்பியும் நானும் சேர்ந்து வாங்கியது. முன் சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாறும். நல்ல எஞ்சின் 6,000 சுற்றுக்கு மேல் ஏறும்போது வருகிற சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆகவே "கார் வேண்டாம், சைக்கிளில் போங்கள்" என்று சொல்ல வந்த பதிவு இது இல்லை. காரை விரும்புகிற ஒருத்தனாகத்தான் கேட்கிறேன்: நீங்கள் செய்வதில் கார் எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் என்னிடம் படித்த ஒரு தம்பியின் காரைப் பார்த்தேன். பத்தாம் தலைமுறை சிவிக், வெள்ளை, அழகான வாகனம். பின்னால் பெரிய விங், முன்னாலும் பின்னாலும் சிவப்பு நிறத்தில் "டைப் ஆர்" எழுத்து, வாழைத்தண்டு பருமனில் சைலன்சர் வாய். சைலன்சர் வேலைக்கும் கம்ப்யூட்டரில் "மெப்" மாற்றியதற்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் போனதாம். நான் குனிந்து முன் டயரைப் பார்த்தேன். உள்பக்கம் கம்பி தெரிகிறது. "தம்பி, இது?" என்றேன். "பெருநாளைக்குப் பிறகு பார்ப்பம் சேர், இப்ப கையில காசில்ல" என்றான்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கையில் இருந்த காசு சத்தத்துக்குப் போய்விட்டது. உயிரைப் பிடித்துவைத்திருக்கிற பொருளுக்கு மிச்சமில்லை. அவன் ஒருவன் மட்டும் என்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். ஊரில் பாதிக் கார் இப்படித்தான் நிற்கிறது.

முதலில் அந்த சிவிக்கைப் பற்றிப் பேசுவோம். 2017, 2018 காலத்தில் நம் நாட்டுக்கு வந்த சிவிக்கில் பெரும்பாலானவை ஒரு லீற்றர் எஞ்சின். சரியாகச் சொன்னால் 988 சிசி, மூன்று சிலிண்டர், டேர்போ. 129 குதிரைவலு. ஏன் அந்த எஞ்சின் வந்தது? நம் நாட்டில் வாகனத்துக்கு உற்பத்தி வரி போடுவது எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து. ஆயிரம் சிசிக்குள் நின்றால் வரி குறைவு. அதனால்தான் அந்தக் காலத்தில் சிவிக்கும் ஒரு லீற்றர், அவுடி ஏ3 யும் ஒரு லீற்றர். நமக்குக் கிடைத்த ஸ்போர்ட்ஸ் தோற்றத்தைத் தீர்மானித்தது ரேஸ் பொறியியலாளர் இல்லை, சுங்க வரி அட்டவணை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குள் ஓட அது மிக நல்ல எஞ்சின்.

உண்மையான டைப் ஆர் என்பது வேறு சாதி. அதே தலைமுறையில் வந்த டைப் ஆருக்கு இரண்டு லீற்றர் டேர்போ, 320 குதிரைவலு. அந்த வலுவை நிற்பாட்டுவதற்கு முன்னால் ப்ரெம்போ நாலு பிஸ்டன் பிரேக். அந்த வலு ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க முன் சஸ்பென்ஷனையே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். அதன் விங்கைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் விங்கை டபுள் டேப்பில் ஒட்டியிருக்கிறது. சிவப்பு எழுத்தை ஒட்டியதால் பிரேக் டிஸ்க் ஒரு மில்லிமீற்றர்கூடப் பெரிதாகாது.

பிஎம்டபிள்யூ, பென்ஸ் வைத்திருக்கிற ஹாஜியார் வீட்டுப் பிள்ளைகளும் சிரிக்க வேண்டாம். 318ஐ பின்னால் "எம்" எழுத்து. அந்த 318ஐ க்குள் இருப்பது 1,499 சிசி, மூன்று சிலிண்டர், 136 குதிரைவலு. அதே உடம்பில் வந்த எம்3 க்கு மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர், இரண்டு டேர்போ, 431 குதிரைவலு. சி180 இன் பின்னால் "ஏஎம்ஜி" எழுத்து. அது 156 குதிரைவலு. சி63 க்கு நாலு லீற்றர் வீ8, 476. ஏஎம்ஜி என்பது 1967 இல் ஜேர்மனியில் இரண்டு பொறியியலாளர்கள் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் தொடங்கிய எஞ்சின் பட்டறை. அவர்கள் செய்கிற பெரிய எஞ்சின்களை ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பூட்டி, கடைசியில் தன் கையெழுத்துப் பதித்த தகட்டை மேலே வைப்பார். அந்தத் தகட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் வாங்கி ஒட்டியதற்கு என்ன மரியாதை? வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினால் நான் தாளைப் பறிப்பேன். இதற்கு மட்டும் லைக் போடச் சொல்கிறீர்கள்.

சரி, ஸ்டிக்கர் யாரையும் கொல்லாது. சிரித்துவிட்டு விடலாம். கொல்லக்கூடியவற்றுக்கு வருவோம்.

அந்த வெடிச் சத்தம். அது எப்படி வருகிறது என்று அதைப் போட்டிருக்கிற பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சாதாரணமாக எஞ்சின் பெற்றோலை நிறுத்திவிடும். மெப் மாற்றுகிறவர் அதை நிறுத்தவிடாமல் செய்து, தீப்பொறியையும் பிந்தி வரச் செய்கிறார். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கிறது. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வேகம் இல்லை. எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெற்றோலை வெளியே எரிக்கிற ஏற்பாடு. அந்தச் சூடு முதலில் கெட்டலிட்டிக் கொன்வேட்டரைத் தின்னும், டேர்போவுக்கும் கேடு. 2022 இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றருக்கு வெயிலில் வரிசையில் நின்ற சமூகம் நாங்கள். நாலு வருடம்கூட ஆகாமல் பெற்றோலைச் சத்தத்துக்காகக் குழாய்க்குள் வெடிக்க வைக்கத் தொடங்கிவிட்டோம்.

இன்னொன்று. கிழக்கில் 1990 ஐக் கண்ட ஆட்கள் இன்னும் நமக்குள் வாழ்கிறார்கள். பள்ளிக்குள் சுடப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தஸ்பீஹைக் கீழே போட்டுவிட்டு மதில் பக்கம் ஒதுங்கிய ஒரு மூத்தம்மாவைப் போன கிழமை என் கண்ணால் பார்த்தேன். காரில் இருந்த பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை, போய்விட்டார்கள். லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன புத்தியில் சத்தத்தைத் தாழ்த்து என்பதும் இருக்கிறது, நோன்பு மாதத்தில் கதம் முடிக்கிற எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

அடுத்தது காரைத் தாழ்த்துவது. முறையாகத் தாழ்த்துகிற ஸ்ப்ரிங் இருக்கிறது, அதற்குப் பொருத்தமான ஷொக் எப்சோபரும் இருக்கிறது. விலை கூட. நம்மூரில் செய்வது ஒறிஜினல் ஸ்ப்ரிங்கைக் கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று வெட்டுவது. அரை மணித்தியால வேலை. பிறகு என்ன நடக்கும்? ஷொக் எப்சோபர் அசைய இடமில்லாமல் பள்ளத்தில் அடியில் போய் முட்டும். சில்லு சாய்ந்து டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது மாதிரி இருக்கும், உள்ளே கம்பி. நான் மேலே சொன்ன தம்பியின் டயருக்கும் அதுதான் நடந்தது. அதிவேகத்தில் வெடிப்பது இப்படிப்பட்ட டயர்தான்.

வெளிச்சமும் அப்படித்தான். சாதாரண ஹலஜன் பல்புக்குச் செய்த கண்ணாடிக் கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்ஈடி பல்பைப் போட்டால் ஒளி ஒரு கோட்டுக்குள் நிற்காது, சிதறும். உங்களுக்கு ரோட் பகல் மாதிரித் தெரியும். எதிரே ஓட்டோவில் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஸுபஹுக்கு ரோட் ஓரமாக நடந்து போகிற பெரியவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடு ரோட்டுக்கு வருகிறார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், ஒரு கணக்கைச் சொல்லாமல் விடமாட்டேன். தரம் 11 பிள்ளைக்கே தெரியும்: இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 இல் போகிற கார் நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். 100 இல் போனால் 28 இல் நிற்காது, ஏறக்குறைய 55 மீற்றர் வேண்டும். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வையுங்கள், அதற்குள் மட்டும் 28 மீற்றர் போய்விடும். மொத்தம் 80 மீற்றருக்கு மேல். இது நல்ல டயருக்கு. மொட்டை டயருக்கும் மழை ரோட்டுக்கும் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். ஊருக்குள் காருக்குச் சட்ட வேகம் 50, ஊருக்கு வெளியே 70. ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இரவில் ரோட்டில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பின் லைட் இல்லாத ட்ரக்டர் போகும், ரோட் ஓரத்தில் நெல் காயும். சாய்ந்தமருதில் வீட்டு வாசலும் ரோட்டும் ஒன்று. இந்த ரோட்டில் 80 மீற்றர் வெறுமையாக எங்கே கிடைக்கும் என்று எனக்குக் காட்டுங்கள்.

"சேர், நாங்க ஆளில்லாத நேரத்திலதான் ஓடுறம்." ஆளில்லாத நேரம் என்று ஒன்று நோன்பு மாதத்தில் கிடையாது. பெருநாள் இரண்டாம் நாள் கடற்கரை ரோட்டில் இரண்டு கார்களை நேருக்கு நேர் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஐம்பது அறுபது பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நிற்கிறார்கள். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் ஓட்டப் போட்டியில் நடந்ததை மறந்துவிட்டோமா? இராணுவம் முன்னின்று நடத்திய போட்டி. பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள், ஹெல்மெட், கூண்டு, கொடி பிடிக்கிற அலுவலர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் புகுந்து 7 பேர் போய்ச் சேர்ந்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. அவ்வளவு ஏற்பாட்டோடும் அப்படி. உங்களிடம் இருக்கிற ஏற்பாடு ஒரு மச்சான் கையில் பிடித்திருக்கிற டோர்ச் லைட்.

ஓடத்தான் வேண்டுமா? களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில் தடம் இருக்கிறது, நுவரெலியாவில் மகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் இருக்கிறது. போங்கள், பதியுங்கள், அவர்கள் உங்கள் காரைச் சோதிப்பார்கள். வெட்டிய ஸ்ப்ரிங்கோடும் கம்பி தெரிகிற டயரோடும் வாசலாலேயே உள்ளே விடமாட்டார்கள். அந்தச் சோதனையில் பாஸாகிற காரை நம்மூரில் யாராவது செய்தால் நானே நோட்டிஸ் அடித்து ஒட்டுவேன்.

இனி வாப்பாமாரிடம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் தங்கமாகிவிட்டது. புதிதாக வந்தபோது கொடுத்த விலையைவிடக் கூடக் கொடுத்து, மூன்று கை மாறிய காரை வாங்கினோம். மீற்றர் திருப்பியதா, அடிபட்டு நிமிர்த்தியதா என்று பார்க்காமல் "ஃபுல் ஒப்ஷன்" என்ற சொல்லுக்கு மயங்கினோம். இப்போது அந்தக் கார்களுக்கு ஏழெட்டு வயது. இந்த வயதில்தான் அவை கவனிப்புக் கேட்கும். அந்த 988 சிசி எஞ்சினையே எடுங்கள். அதன் டைமிங் பெல்ட் எஞ்சினுக்குள்ளே ஒயிலில் நனைந்தபடி ஓடுகிறது. கொம்பனி சொன்ன ஒயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றாவிட்டால் பெல்ட் ரப்பர் உரிந்து, அந்தத் தூள் ஒயில் இழுக்கிற வலையை அடைக்கும். ஒயில் ஏறாத எஞ்சினுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மகன் விங் பூட்டக் காசு கேட்டபோது, கடைசியாக எந்த ஒயில், எப்போது ஊற்றினாய் என்று நீங்கள் கேட்டீர்களா?

ஜேர்மன் கார் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். காரின் விலையை விசாரிக்க முதல், முன் பிரேக் டிஸ்க் ஒரு சோடி என்ன விலை, கியர்பொக்ஸ் ஒயில் மாற்ற எவ்வளவு, அந்த வேலையைத் தெரிந்த பாஸ் கொழும்புக்கு இந்தப் பக்கம் யார் என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் பதில் கேட்டபிறகும் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். முடியாவிட்டால் ஒரு நல்ல எக்ஸியோவில் மானத்தோடு போகலாம். முன் டிஸ்க் தேய்ந்த பென்ஸைவிடப் பிரேக் பிடிக்கிற எக்ஸியோ பிரீமியம் கார்.

சீதனத்தைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க ஏலாது. எழுதினால் சொந்தத்திலேயே நாலு பேர் கதைக்கமாட்டார்கள். பரவாயில்லை. நமது பக்கத்தில் பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், அது பழைய வழக்கம், அதைப் பற்றி வேறொரு நாள் சண்டை பிடிப்போம். இப்போது அந்த வீட்டின் போர்ட்டிகோவுக்குள் கார் ஒன்றும் நிற்க வேண்டும் என்று வந்திருக்கிறது. அதுவும் ஏதோ ஒரு கார் இல்லை. மாடல் சொல்லி, நிறம் சொல்லி, "சன்ரூஃப் இருக்கா" என்று புரோக்கர் மூலம் கேட்டு அனுப்புகிறார்கள். ஒரு வாப்பா தன் மூன்று ஏக்கர் வயலை விற்றதை நான் அறிவேன். இரண்டு போகம் விளைகிற காணி. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அந்தக் காரின் ஸ்ப்ரிங்கை மாப்பிள்ளை வெட்டிவிட்டார். மாமனார் என்னிடம் கேட்டார், "சேர், புதுக் காரை ஏன் வெட்டினான்?" எனக்குப் பதில் வரவில்லை. தன் வியர்வையில் வாங்கிய பொருளைக் கிரைண்டரால் வெட்ட ஒருவனுக்குக் கை வராது என்பது என் அனுபவம். மாப்பிள்ளைமாரே, நீங்கள் வெட்டியது யாரோ ஒரு மனிதனின் வயல்.

லீசிங்கில் எடுத்தவர்கள் வேறு. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, "எல்லாரும் எடுக்கிறாங்கதானே" என்று கையெழுத்துப் போட்டவர்களை நான் இங்கே ஏசப் போவதில்லை, அது மௌலவிமாரின் வேலை, அவர்கள் செய்யட்டும். நான் சொல்வது வேறு விஷயம். லீசிங் முடியாத கார் சட்டப்படி இன்னும் உங்களுடையது இல்லை. அதை வெட்டி ஒட்டி மாற்றினால் இன்ஷுரன்ஸ்காரருக்கு அறிவித்தீர்களா? செய்த மாற்றத்தை மறைத்துவிட்டு விபத்துக்குக் க்ளெய்ம் போட்டால், அவர்கள் மறுப்பதற்குக் காரணத்தை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். அப்போது தவணையும் நிற்காது, காரும் இருக்காது. எதிரே அடிபட்டவர் குடும்பம் வாசலுக்கு வந்து நிற்கும்.

பதினேழு வயது மகனிடம் சாவி கொடுக்கிற வாப்பாமார் ஒரு தனிக் கூட்டம். லைசன்ஸுக்குப் பதினெட்டு முடிய வேண்டும். "மகன் நல்லா ஓடுவான் சேர்." ஓடுவான்தான். ஓடுவதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, நிற்பாட்டுவதைப் பற்றித்தான் கேட்கிறோம்.

கராஜ் வைத்திருக்கிற காக்காமாரே, உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன், உங்களில் பலர் பிள்ளைகளை என்னிடம்தான் அனுப்புகிறீர்கள். பொலிஸ் பிடித்தால் ஒறிஜினல் சைலன்சரைப் பூட்டிக் கொடுப்பதும், ரிப்போர்ட் முடிந்ததும் திரும்ப மற்றதைப் பூட்டுவதும், இரண்டுக்கும் கூலி எடுப்பதும் நடக்கிறது. ஸ்ப்ரிங்கை வெட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஊரில் ஒரு பாஸ் இருக்கிறார், பெயர் சொன்னால் கோபிப்பார். டயர் மொட்டையாக இருந்தால் வேறெந்த வேலையும் செய்யமாட்டார். "முதல்ல டயரைப் போட்டுட்டு வா, பிறகு பாட்டுக் கேக்கிற சாமானைப் பூட்டுவம்" என்று திருப்பி அனுப்புவார். அவருடைய கராஜில் ஆள் குறைவு. மற்றவர்களும் அப்படிச் செய்தால் அவருடைய ஆளும் கூடும், உங்களுடைய ஆளும் உயிரோடிருக்கும்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி. பாதையில் கிடக்கிற இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று மத்ரஸாப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பாதையில் இரவு 11 மணிக்கு இடையூறாக வருகிறவன் நிர்வாக சபைத் தலைவரின் மருமகன் என்றால் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? ஓட்டோக்காரர் பாட்டைக் கூட்டிப் போட்டால் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். சத்தத்திலும் பணக்காரச் சத்தம், ஏழைச் சத்தம் என்று இருக்கிறதா?

மோட்டார் ஆசை உள்ள தம்பிமாருக்கு, இந்தப் பதிவு முழுக்க உங்களைப் பற்றியதுதான், கடைசிப் பகுதி உங்களுக்காக. கார் வேகமாகவும் நன்றாகவும் ஓட வேண்டும் என்று உண்மையாகவே ஆசை இருந்தால், காசைப் போட வேண்டிய வரிசை இருக்கிறது. முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயது போன ரப்பர் பிடிக்காது. பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீற்றர் அடையாளம், அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் கதை முடிந்தது. அடுத்தது பிரேக் ஒயில், அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சும், பழசானால் சூட்டில் கொதித்து மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிறகு பிரேக் பேட், பிறகு புஷ், பிறகு அலைன்மென்ட். இவ்வளவும் செய்த காரை ஓட்டிப் பாருங்கள், அது வேறு கார். வளைவில் எப்படி ஒட்டிக்கொண்டு போகிறது, காலைத் தொட்டதும் எப்படி நிற்கிறது என்று தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் காசு மிச்சமிருந்து, சைலன்சர் மாற்ற ஆசை இருந்தால், சத்தம் அடக்குகிற பெட்டி உள்ள நல்ல ஒன்றைப் போடுங்கள். நானும் வந்து கேட்கிறேன்.

வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு, பாடசாலை மைதானத்துக்குப் பின்பக்க மர நிழலில் டயர் ஆழம் பார்க்கிற அளவுகோலும் காற்று மானியும் கொண்டுவந்து நிற்பேன். மேலே சொன்ன பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காசு இல்லை, ஃபோட்டோ இல்லை, யாருடைய காரையும் பேஸ்புக்கில் போடமாட்டோம். அந்தச் சிவப்பு எழுத்தைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்றும் இல்லை. நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது முடித்துவிடுவோம்.